மாடு வண்டியேறும் முன் டாக்டர் சீட்டு கையில் இருக்கிறதா?



நம் குழு உறுப்பினர்கள் இருவர் குழுக் கடனில் பக்கத்து மாவட்டச் சந்தையில் இரண்டு கறவை மாடு வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார்கள். வழியில் வண்டியை நிறுத்தி, "டாக்டர் சர்டிபிகேட் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். சந்தை ரசீதைத் தவிர கையில் ஒன்றும் இல்லை. விடியும்வரை மாடுகள் வண்டியிலேயே நின்றன. பால் கறக்காமல் மடி கட்டி, ஒரு மாட்டுக்கு மடிநோயே வந்துவிட்டது. முதல் தவணைக்கு வைத்திருந்த பணம் மருந்துக்குப் போச்சு. இதை முன்னாடியே சொல்லாதது எங்கள் தவறுதான்.

மாடு பயணம் செய்யத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை, தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் இது இருக்கிறது. சான்று இல்லையென்றால் வண்டிக்காரரே ஏற்ற மறுக்க வேண்டுமாம். வாடகையை விட்டுட்டு எந்த வண்டிக்காரர் மறுப்பார்? நாம்தான் கேட்டு வாங்கணும்.

விலை பேசியதும் முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் மட்டும் கொடுங்கள். மாட்டை டாக்டரிடம் காட்டி, சான்று கைக்கு வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். தரகர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். மடியில் கோளாறு, கோமாரி, தோல் கழலை அறிகுறி இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணும் சான்றில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவங்க குழுவில் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

கன்று போட்டு மூன்று நாள் (72 மணி நேரம்) ஆகாத மாட்டையும், வழியிலேயே கன்று போடும் நிலையில் உள்ள மாட்டையும் ஏற்றக் கூடாது. சந்தையில் 'இன்னைக்குத்தான் ஈன்றது' என்று சொன்னால் நமக்கு ஆசை வரும். அதற்கு டாக்டர் சான்று தரமாட்டார், தரவும் கூடாது.

லாரியானாலும் ஒரு வண்டிக்கு ஆறு மாடுக்கு மேல் கூடாது. சின்ன வண்டி என்றால் இடத்தைப் பார்த்து இன்னும் குறைவாகத்தான். தரையில் வழுக்காமல் தென்னை நார்ப் பாயோ பலகையோ போட்டு, கூட ஒரு ஆள் வரணும். மூட்டை முடிச்சை அதே வண்டியில் ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரமாவது புது மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். சான்றின் ஜெராக்ஸ் ஒன்றைக் குழுப் பதிவேட்டோடு வைத்து, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க. நாங்களும் பார்க்கிறோம்.