குழந்தைகளுடன் மலைப்பயணம்: ஒரு ஒர்க்‌ஷீட், ஒரு மேப், ஒரு இ-பாஸ்

கோடை விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புவது நம் வீடுகளில் வழக்கம்தான். கம்ப்யூட்டரில் வேலை செய்பவன் ஒருவன் வீட்டில் இருந்தால் "பிளானை நீயே போட்டுவிடு" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

2023 டிசம்பரில் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் இரண்டு குழந்தைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். ஆபீசில் புராஜெக்ட்டுக்குப் போடுவதைப் போலவே எக்செல்லில் பிளான் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. முதல் நாளே கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மதியத்துக்குள் பிளான் மூன்று மணி நேரம் பின்தங்கிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு நான்கு வயதுக் குட்டிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. அவளுக்கு வீசிங் உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "டேய், இன்ஹேலர் பை எங்கேடா?" என்று அக்கா கேட்டபோதுதான் அது காரின் டிக்கியில் இருப்பது நினைவுக்கு வந்தது. டிரைவர் காரோடு ஊருக்குள் தங்கப் போயிருந்தார். என் செல்போனில் சிக்னல் இல்லை, மேப் திறக்கவில்லை. தங்கும் விடுதியின் வாட்ச்மேன் ஒரு ஜீப்பைப் பிடித்து வந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நெபுலைசர் வைத்து, விடியும்போது அவள் சரியானாள்.

அன்று என் லேப்டாப்பில் இருந்த ஒர்க்‌ஷீட்டில் 14 நெடுவரிசைகள் இருந்தன. அந்த இரவில் தேவைப்பட்ட ஒரு தகவல்கூட அதில் இல்லை. 2025 மே மாதம் மீண்டும் போனபோது பிளானைப் புதிதாகப் போட்டேன். அந்த முறையைத்தான் இங்கே தருகிறேன்.

முதல் வேலை: தேதிக் கணக்கு

ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பு இது 120 நாட்களாக இருந்தது. பயண நாள் இந்த 60 நாளில் சேராது. அந்த நாளைக் காலண்டரில் எண்ணிப் பார்க்க வேண்டாம். எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டுமே தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கின்றன. எனவே தேதியிலிருந்து நேரடியாகக் கழிக்கலாம். ஒரு செல்லில் பயணத் தேதியை டைப் செய்யுங்கள். பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் 60 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை எண்ணாகத் தெரிந்தால் ஃபார்மேட் செல்ஸ் பகுதியில் டேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி மறுநாள் காலை சேரும். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும். எனவே இரண்டுக்கும் பயணத் தேதி வேறு. முன்பதிவு தொடங்கும் நாளும் வேறு. நாங்கள் மே 3 இரவு கிளம்பினோம். நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மார்ச் 4ம் தேதியும், மலை ரயிலுக்கு மார்ச் 5ம் தேதியும் காலை 8 மணிக்கு ஐஆர்சிடிசி தளத்தில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

மலை ரயில்: கிடைத்தால் ஏ, கிடைக்காவிட்டால் பி

2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி மலை ரயில், 46 கி.மீ. தூரத்தை மேலே ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 16 குகைகள், 208 வளைவுகள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் சக்கரப் பாதை இருக்கிறது. குழந்தைகளுக்கு முதல் ஒரு மணி நேரம் கொண்டாட்டம், பிறகு "மாமா, இன்னும் எவ்வளவு தூரம்?" தொடங்கிவிடும். ரயில் வழியில் நிற்கும் நிலையங்களில் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

இறங்கும்போது நேரம் குறைவு. சுமார் மூன்றரை மணி நேரம்தான். அதுவும் அதிகம் என்றால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் போகும் ரயில்களில் ஏறலாம். மலை ரயிலின் சந்தோஷம் முழுவதும் கிடைக்கும். மழைக்காலத்தில் மண் சரிவால் இந்தப் பாதை மூடப்படுவதும் உண்டு என்பதால், எப்போதும் சாலை வழியையும் பிளானில் வைத்திருங்கள்.

எங்களுக்கு மேலே ஏறும் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. பி பிளானில் எழுதி வைத்திருந்தபடி மேட்டுப்பாளையத்தில் ஒரு வேனை அமர்த்தினோம். இறங்கும்போது மட்டும் மலை ரயில்.

இ-பாஸ் மறக்காதீர்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. 2025 கோடைக்கு ஒரு வரம்பும் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை. நீலகிரிப் பதிவு எண்ணான டிஎன் 43 உள்ள வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

தளத்தின் முகவரி: இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி. இதைத் தேடுபொறியில் தேடாமல் அட்ரஸ் பாரில் நேரடியாக டைப் செய்யுங்கள். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி. செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை டைப் செய்தால் படிவம் திறக்கும். வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, நாட்கள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் கியூஆர் கோடுடன் பாஸ் வரும். அதைச் சேமித்து, ஒரு பிரின்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வேனில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வண்டி எண் தெரியாமல் பாஸ் எடுக்க முடியாது. வேன்காரரிடம் முன்பே எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் விதிமுறைகளையும் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக் கணக்கு

இனி தினசரி பிளான். ஆறே நெடுவரிசைகள் போதும். இடம், கிளம்பும் நேரம், மேப் காட்டும் நிமிடம், குழந்தைக் கணக்கு, சாப்பாடும் கழிப்பறையும், உயரம்.

கூகுள் மேப்ஸ் தரும் நேரத்தில் நீங்கள் நிற்கும் நேரம் சேராது. குழந்தைக்கு வாந்தி, பசி, பொம்மைக் கடை எதுவும் அதற்குத் தெரியாது. எனவே நான்காவது நெடுவரிசையில், மேப் காட்டும் நிமிடத்தை 1.5ஆல் பெருக்கும் ஃபார்முலாவைப் போட்டு, செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள். இந்த 1.5 என் அனுபவக் கணக்குதான். உங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளின் அடியிலும் ஆட்டோசம் போடுங்கள். அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 180 என்று டைப் செய்யுங்கள். ஒரு நாளில் வண்டியில் உட்காரும் நேரம் மூன்று மணியைத் தாண்டினால் செல் சிவப்பாகும். சிவப்பானால் ஓர் இடத்தை வெட்டுங்கள். எங்கள் புதிய பிளானில் ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள்தான்.

உயரம் எதற்கு? குளிரைக் கணக்கிட. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர்; ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வித்தியாசத்தை 1,000ஆல் வகுத்து 6.5ஆல் பெருக்கினால் 12 டிகிரிக்கு மேல் வரும். அடிவாரத்தில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை டிக்கியில் போட்டுவிடாதீர்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் இன்னும் குளிரும்.

வளைவுகளில் குழந்தையின் கையில் செல்போன் கொடுக்காதீர்கள். கண் திரையில் நிலைத்திருக்க உடல் மட்டும் ஆடினால் குமட்டல் அதிகமாகும். முன்னால் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத மேப்

கூகுள் மேப்ஸில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ், பிறகு செலக்ட் யுவர் ஓன் மேப் என்று போங்கள். தோன்றும் கட்டத்துக்குள் மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை அடங்கும்படி வைத்து டவுன்லோட் தட்டுங்கள். வீட்டு வைஃபையிலேயே இதை முடித்துவிடுங்கள்.

சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து சிக்னல் அனுப்புகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு சிம் கார்டு தேவையில்லை. நெட் இல்லாதபோது முதல் முறை இடம் காட்டக் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். ஆனால் ஆஃப்லைனில் போக்குவரத்து நெரிசலும் நடைபாதை வழியும் கிடைக்காது.

மேப்பை இறக்கியதும் தங்கும் இடம், அரசு மருத்துவமனை, இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை மூன்றையும் தேடி சேவ் செய்யுங்கள்.

கடைசி ஷீட்

இதுதான் முதல் பயணத்தில் நான் போடாத ஷீட். குழந்தையின் மருந்துகள், அளவு, டாக்டரின் எண், தங்கும் இடத்தின் எண், டிரைவர் எண், அவர் இரவில் தங்கும் இடம், மருந்துப் பை யாருடைய தோளில் இருக்கும் என்ற பெயர், கூடவே 108, 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112க்கு அழைக்க வாய்ப்புண்டு. இந்த ஷீட்டை மட்டும் பிரின்ட் எடுத்து, பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் காகிதம் வேலை செய்யும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை என்பதால் ஸ்டீல் பாட்டில்களையும் இதே பட்டியலில் எழுதிவிடலாம்.

2025ல் குட்டிக்கு ஒரு நாள் மாலை லேசாக இரைத்தது. அம்மாவின் தோள் பையிலிருந்து இன்ஹேலர் உடனே வந்தது. ஐந்து நிமிடத்தில் அவள் மீண்டும் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தாள். அன்று பார்க்க வேண்டிய இரண்டாவது இடத்துக்கு நாங்கள் போகவில்லை. ஒர்க்‌ஷீட்டில் அந்த வரியை டெலிட் செய்துவிட்டேன்.