வேளிக் கடலின் இரும்பும் மிதவை உயிர்களும்

கொல்லத்தை அடுத்த சவரைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைட் என்னும் தாது மிகுந்துள்ளது. இரும்பும் டிட்டேனியமும் ஆக்சிஜனுடன் கூடியமைந்த தாது இது. இதனின்று வெள்ளை நிறமி செய்யும் ஆலை, திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேளியில் 1946-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்து டிட்டேனியத்தைப் பிரித்தபின், எஞ்சிய அமிலத்தில் இரும்பு, பெரஸ் சல்பேட்டாகத் தங்குகிறது. இக்கழிவு நீர் பல்லாண்டுகள் வேளிக் கடலில் விடப்பட்டு வந்தது.

கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. கழிவு அதனுடன் கலந்து அமிலம் தணிந்த இடங்களில், கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து துருநிறத் துகள்களாகத் திரள்கிறது. நீர் செம்மை கொள்வது இதனாலேயே.

இரும்பை நஞ்சென்று ஒதுக்கிவிடலாகாது. பிளாங்க்டன் எனப்படும் மிதவை உயிர்களில் தாவர இனங்கள் பச்சையத்தை ஆக்கவும் நைட்ரேட்டைப் பயன்படுத்தவும் அது வேண்டும். இதே பெரஸ் சல்பேட்டை 2009-இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் தென் பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேண்டுமென்றே கரைத்தனர். தாவர மிதவைகள் பெருகின. ஆயினும் சிலிக்கா குறைவாயிருந்தமையால் டயட்டம்கள் செழிக்கவில்லை. பெருகியவற்றையும் கோபிபாடு என்னும் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. கேரளக் கரையிலோ ஆறுகளும் அடிச்சேறும் இரும்பைத் தருகின்றன. அங்கு அது அரும்பொருளன்று.

இத்தகைய கரையில் ஆய்வாளர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. வலையை இழுத்தால் உயிர்களோடு துருத் துகள்களும் சேர்ந்தே வரும். உயிர்களின் மேற்பரப்பிலும் அவை ஒட்டியிருக்கும். செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றையும் அத்துகள்கள் தம்மேல் ஈர்த்து வைத்துக்கொள்ளும். அனைத்தையும் உலர்த்தி அமிலத்தில் கரைத்து அளந்தால், மிதவை உயிர்கள் உலோகத்தை வியக்கத்தக்க அளவு உட்கொண்டனவாகத் தோன்றும். பெரிய எண் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடுவது மனித இயல்பு. உண்மையில் உயிரணுச் சவ்வைக் கடந்து உட்சென்றது அதில் ஒரு பகுதியே.

இதனைப் பிரித்தறிய, மாதிரியை இரு கூறாக்கி ஒன்றை ஆக்சலேட்டுக் கரைசலால் கழுவுவர். கழுவிய கூறில் எஞ்சுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் இரும்பு. இரண்டின் வேறுபாடு மேலே ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்ததைப் பொருட்படுத்தாமல் விடவும் முடியாது. கோபிபாடு உயிரணுவையும் அதன்மேற் படிந்த துருவையும் சேர்த்தே விழுங்குகிறது. செரியாதது அதன் கழிவுருண்டைகளுடன் அடிச்சேற்றை அடைகிறது.

கருவிகளிலும் கவனம் வேண்டும். இரும்பு வாளியும் கம்பிக் கயிறும் கூடா. நைலான் வலையும், அமிலத்தால் முன்னரே கழுவிய பிளாஸ்டிக் புட்டியுமே தக்கவை. கழுவாத மாதிரியில் ஒரு துளியை முதலில் நுண்பெருக்கியில் பார்த்துவிடுவது நலம். பள்ளி நுண்பெருக்கியே இதற்குப் போதும். டயட்டம் ஓடுகளினிடையே செந்நிறத் துணுக்குகள் மிகுந்திருப்பின், அம்மாதிரியின் இரும்பளவைக் கழுவிய கூறின் அளவோடு சேர்த்தே பதிவேட்டில் குறிக்கவேண்டும்.