வாக்காளர் பட்டியலில் இளைஞர்: தொழில்நுட்பமும் தொழில் நிறுவனங்களும்

அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தபோது, வாக்குரிமைக்கான வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் 18 முதல் 20 வயது வரையிலான இளைஞர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். எனினும், சட்டம் உரிமை வழங்குவது வேறு. பட்டியலில் பெயர் இடம்பெறுவது வேறு. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 97 கோடி. அவர்களுள் 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடி மட்டுமே. மக்கள்தொகைக் கணிப்புகளின்படி அவ்வயதினர் நாட்டில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேர் இருந்தனர். அதாவது, ஐவரில் ஏறக்குறைய மூவரின் பெயர் பட்டியலில் இல்லை.

தடைகள் யாவை?

இந்நிலைக்கு அக்கறையின்மை ஒன்றையே காரணமாகக் கூறுவது பொருந்தாது. நீண்ட காலம் சனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. சனவரி 2 அன்று 18 வயது நிறைவடைந்தவர் அடுத்த சனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 2021-ல் இயற்றப்பட்ட தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டத்தின் பயனாக, 2022 ஆகஸ்டு முதல் சனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாயின. 17 வயது கடந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

மற்றொரு தடை இடப்பெயர்ச்சி. கல்விக்காகவும் வேலைக்காகவும் ஊர்விட்டு ஊர் செல்லும் பருவம் இது. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், பெற்றோர் வாழும் ஊரிலோ விடுதி முகவரியிலோ, ஏதேனும் ஓரிடத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விடுதி முகவரியைத் தேர்ந்தால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும். இவ்வசதியை அறியாத மாணவர் பலர்.

தொழில்நுட்பத்தின் பணி

2015 சனவரி 25 அன்று, தேசிய வாக்காளர் நாளில், இந்தியத் தேர்தல் ஆணையம் தேசிய வாக்காளர் சேவை வலைவாசலைத் தொடங்கியது. புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐ வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்ப இயன்றது. ஆயினும் பொத்தானை அழுத்தியவுடன் பெயர் பட்டியலில் ஏறிவிடுவதில்லை. விண்ணப்பம் வாக்காளர் பதிவு அலுவலரைச் சென்றடைகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் முகவரியை நேரில் சரிபார்க்கிறார். மறுப்புரை கூற அவகாசம் அளிக்கப்பட்ட பின்னரே முடிவு எடுக்கப்படுகிறது. இயந்திரம் சுருக்கித் தருவது விண்ணப்பிக்கும் தொலைவைத்தான். சரிபார்க்கும் கடமையை அன்று.

நிறுவனங்களின் பங்கு

இப்பணியில் தனியார் துறை பங்கேற்பது புதிதன்று. 2008-ல் டாட்டா தேயிலை நிறுவனமும் பெங்களூரைச் சேர்ந்த ஜனாக்கிரகா அமைப்பும் இணைந்து ‘ஜாகோ ரே’ என்ற இயக்கத்தை நடத்தின. வலைத்தளத்தில் படிவத்தை நிரப்பி அச்சிட்டுக்கொள்ள அது இளைஞருக்கு உதவியது. 2017 ஜூலையில் ஆணையத்துடன் இணைந்து, 18 வயது நிறைந்த பயனர்களுக்கு முகநூல் நிறுவனம் 13 இந்திய மொழிகளில் பதிவு நினைவூட்டல் அனுப்பியது. 2024 பிப்ரவரியில் இந்திய வங்கிகள் சங்கத்துடனும் அஞ்சல் துறையுடனும் ஆணையம் ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்கிக் கிளையும் அஞ்சலகமும் சிற்றூர் வரை பரவியிருப்பதால், கைப்பேசி இல்லாதோரையும் செய்தி எட்டுவதற்கு இத்தகைய கூட்டு பயன்படும்.

எல்லைகள்

ஆனால் இக்கூட்டுறவில் கவனத்துக்குரிய கூறுகளும் உள்ளன. 2018 மார்ச்சில், முகநூல் பயனர்களின் தனிப்பட்ட விவரங்கள் அரசியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது உலகெங்கும் அம்பலமானபோது, அந்நிறுவனத்துடனான தொடர்பைத் தேர்தல் ஆணையம் மறுஆய்வு செய்ய நேர்ந்தது. இளைஞரின் வயது, முகவரி, விருப்பு வெறுப்பு ஆகியவை வணிகத்துக்கும் பிரசாரத்துக்கும் விலைமதிப்புள்ளவை. 2023-ல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைச் சிறார் எனக் கொள்கிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொது விதியாக்குகிறது. 17 வயதினரை அணுக விரும்பும் நிறுவனங்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 2022 குஜராத் சட்டமன்றத் தேர்தலுக்கு முன், 1,000-க்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்களை உள்ளடக்கிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. விடுப்பு பெற்றும் வாக்களிக்காத ஊழியரின் பெயரை அறிவிப்புப் பலகையிலோ வலைத்தளத்திலோ வெளியிடும் ஏற்பாடு அதில் இருந்தது. இதற்கு எதிர்ப்பு எழுந்தது. தேர்தல் நாளன்று ஊதியத்துடன் விடுமுறை அளிப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-ஆ பிரிவு முதலாளிக்கு விதித்த கடமை. வாக்களிப்பதோ குடிமகனின் உரிமை. இந்தியாவில் அது கட்டாயமன்று. ஊதியம் தருபவர் ஊழியரின் குடிமைக் கடமைக்குக் கண்காணிப்பாளர் ஆகிவிட்டால், முதன்முறை வாக்களிக்கும் இளந்தொழிலாளி தேர்தலை உரிமையாகக் கருதாமல் மேலாளரின் உத்தரவாகக் கருதக்கூடும்.

செயல் வழி

எனவே, பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்படுதல் அவசியம். செய்தியைக் கொண்டு சேர்ப்பதும், நேரமும் இடமும் அளிப்பதும் நிறுவனங்களின் பணியாகலாம். விண்ணப்ப விவரங்களைப் பெறுவதும், சரிபார்ப்பதும், பட்டியலைக் காப்பதும் ஆணையத்தின் அலுவலர்களிடமே இருத்தல் வேண்டும். ஒப்பந்தங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வெற்றியை அளக்கும் கோலும் மாற வேண்டும். விளம்பரத்தைக் கண்டோர் எத்தனை இலட்சம் என்பதைவிட, மாவட்டந்தோறும் பட்டியலில் புதிதாக ஏறிய 18 வயதினர் எத்தனை பேர், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, அதற்குக் காரணம் யாது என்பனவே பயனுள்ள கணக்கு.

2018-ல் தொடங்கப்பட்ட தேர்தல் கல்விக் கழகங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதற்கு அடித்தளமாக அமையலாம். தகுதி நாள் நெருங்கும் ஒவ்வொரு காலாண்டிலும் கல்லூரி முதல்வர் விடுதி மாணவர்களுக்குச் சான்று வழங்கி, வாக்குச்சாவடி நிலை அலுவலரை வளாகத்துக்கு அழைத்தால், பெருஞ்செலவின்றியே நூற்றுக்கணக்கான பெயர்கள் பட்டியலில் சேரும். கருவியும் முதலீடும் இளைஞரை வாயில் வரை அழைத்து வரலாம். வாயிலைத் திறந்து வைத்திருப்பது பொது நிர்வாகத்தின் கடமையாகும்.