நனைந்துகொண்டே வேலைக்குப் போனவர்கள்

நவம்பர் வந்துவிட்டால் சனிக்கிழமை காலையில் என் முதல் வேலை காருக்குக் காது குடைவது. இரண்டு சீட்டையும் முன்னால் தள்ளி, பின்பக்கக் கார்ப்பெட்டை உரித்து, மடங்கும் துணிக்கூரையின் அடியில் ஓடும் ரப்பர் வாய்க்காலைத் தடவிப் பார்ப்பேன். வாய்க்காலின் இரு முனையிலும், சீட் பெல்ட் கம்பத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். ஜன்னல் திரை மாட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியை அதில் மெல்ல விட்டுச் சுழற்றினால் மக்கிப்போன ஓக் இலையும் கறுப்புச் சேறும் கையோடு வரும். பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிவிட்டு, ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பேன். சொட்டினால் அந்த வாரம் நிம்மதி.

கார் 1996-இல் செய்த மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு பேர் உட்காரலாம். மேலே கறுப்புத் துணிக்கூரை, அதன் பின்புறம் பிளாஸ்டிக் ஜன்னல். வீட்டில் வேறு கார் கிடையாது. பதினோரு வருடமாக வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும், பனியிலும் மழையிலும் இதுதான் ஓடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் எங்கள் வீடு. ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே உலகத்துக்கு எம்ஜி கார்தான் நினைவுக்கு வரும். 1929-இலிருந்து 1980 வரை எம்ஜி கார்கள் இங்கேதான் பிறந்தன. எம்ஜிபி ஒன்று மட்டுமே பதினெட்டு வருடத்தில் 5 லட்சத்துக்கும் மேல்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1962 இலையுதிர் காலத்தில் நான்கு வருடம் பழைய எம்ஜிஏ ஒன்றை வாங்கினாராம். அவருக்கும் அதுதான் ஒரே கார். கவுலியில் மோரிஸ் தொழிற்சாலையில் வேலை. கவுலி என்றதும் எனக்கு அப்பாவின் அம்பாசிடர் ஞாபகம் வரும். அங்கே செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் நம் ஊரில் அம்பாசிடராக வந்தது. கோயம்புத்தூரில் அப்பா ஓட்டிய வண்டியின் பாட்டன் வீட்டிலிருந்து ஆறேழு மைலில் நான் குடியிருக்கிறேன் என்பது இங்கே வந்து சில வருடம் கழித்துத்தான் உறைத்தது.

பெரியவரின் எம்ஜிஏவில் கதவுக்கு வெளிப்பக்கம் பிடியே கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் சீட்டுக்குப் பின்னாலிருந்து சட்டம் போட்ட பக்கத்திரைகளை எடுத்துக் கதவில் சொருக வேண்டும். வெளியே நிற்பவர் அந்தத் திரையின் மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவி, உள்ளே இருக்கும் கயிறை இழுத்தால்தான் கதவு திறக்கும். கூரையையும் கையால்தான் தூக்கி விரித்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, பின்னால் பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். மழை தொடங்கி இதெல்லாம் முடிவதற்குள் சட்டை ஈரமாகிவிடும். ஹீட்டருக்குத் தனிக் காசு. அந்தக் காரை முதலில் வாங்கியவர் அந்தக் காசைக் கொடுக்கவில்லை.

அவர் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, இங்கிலாந்தின் அந்தப் பெரிய குளிர்காலம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி, மார்ச் வரை பல இடங்களில் கரையவே இல்லை. 1963 ஜனவரியில் நாட்டின் நடுப்பகுதியில் மாதச் சராசரி வெப்பமே உறைநிலைக்குக் கீழே இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் எம்ஜிஏவில்தான் வேலைக்குப் போனார். எப்படி என்று கேட்டேன். கோட்டுக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வாராம். பக்கத்து சீட்டின் மேல் கான்வாஸ் விரிப்பை இழுத்து ஜிப் போட்டுவிட்டால் எஞ்சின் சூடும் கியர்பாக்ஸ் சூடும் அதற்கடியில் தங்கி இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கதகதப்பாக இருக்குமாம். இடது முழங்கால் மட்டும் எப்போதும் ஈரம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அந்த முழங்காலைத் தடவிக்கொள்கிறார்.

நான் வியந்த அளவுக்கு அவர் வியக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களில் பலர் மோட்டார் சைக்கிளிலும் மிதிவண்டியிலும் வந்தவர்கள். நனைவது அன்றாடத்தில் ஒரு பகுதி. இன்னும் பின்னோக்கிப் போனால் கார் என்பதே திறந்த வண்டியாகத்தான் பிறந்தது. 1920-களின் நடுவில்தான் மூடிய கார் பெருவழக்கானது. அதுவரை கூரைதான் ஆடம்பரம். இன்று கூரையைத் திறப்பது ஆடம்பரம். இந்தத் தலைகீழ் மாற்றத்தை நினைக்காமல் பழைய திறந்த காரைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

1980-இல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்த வருடம் டிரையம்ப் டிஆர்7 நின்றது. சம்பளக்காரன் வாங்கக்கூடிய இங்கிலாந்துத் திறந்த கார்களின் கதை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. எட்டு வருடம் கழித்து அந்த இடத்தை நிரப்பியவர்கள் ஜப்பான்காரர்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்தது. 950 கிலோ சொச்சம் எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. குதிரையும் சவாரிக்காரனும் ஒரே உடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை மந்திரமாக வைத்து அதைச் செய்தார்கள். பழைய ஆங்கிலேயக் கார்களின் உருவத்தை எடுத்துக்கொண்டு, மழை ஒழுகுவதையும் நடுவழியில் நிற்பதையும் விட்டுவிட்டார்கள். கூரைக்கு முன்கண்ணாடி மேல் இரண்டே கொக்கி. சிக்னலில் நிற்கும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிடலாம். உள்ளே நல்ல ஹீட்டர். பெரியவரை முதல் முறை என் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது அவர் வேகத்தையோ வளைவையோ கவனிக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. விரலால் கண்ணாடி ஓரத்தை நீளமாகத் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறதே என்றார்.

ஆனால் அந்த உலர்ந்த தன்மை சும்மா வருவதில்லை. முப்பது வருடம் ஆன பிறகு அதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், பழைய கன்வெர்ட்டிபிளை வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், தண்ணீர் வடியும் வழியைப் பார்ப்பதில்லை.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையோடு சேர்த்து முறுக்கினால் திருகாது. உள்பெட்டியை மட்டும் உருவி முறுக்கினால் துணி போலத் திருகும். சாதாரணக் காரில் கூரைதான் அந்த மேலுறை. கூரை இல்லாத காரில் அந்த வலு முழுவதும் தரையில், முக்கியமாகக் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டிப் பட்டைகளில் இருக்க வேண்டும். அதை இங்கே சில் என்பார்கள். அதுதான் காரின் முதுகெலும்பு. நான் சனிக்கிழமை குடையும் வடிகுழாய் அந்த சில்லின் பின்முனைக்குத்தான் இறங்குகிறது. ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கும், இரும்பு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் பின்சக்கரத்துக்கு முன்னால் அம்மைக் கொப்புளம் மாதிரி இரண்டு குமிழ் தெரியும். அப்போதே உள்ளே பாதி போயிருக்கும்.

எனக்கு அது நடந்தது. வாங்கிய மூன்றாவது வருடம், வருடாந்திர எம்ஓடி சோதனையில் மெக்கானிக் சின்னச் சுத்தியலால் இடது சில்லைத் தட்டினார். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டது. சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வலுவைக் குறைக்கும் துரு இருந்தால் கார் தேறாது என்பது விதி. என் கார் தேறவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அங்கே பட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்திருந்தார். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பஸ்ஸில் போனேன். ஓர் இலை செய்த வேலை அது.

குளிர்காலத்தில் இன்னொரு எதிரி உப்பு. பனி உறையும் இரவுகளில் நகராட்சி லாரிகள் பழுப்பு நிறக் கல்லுப்பைச் சாலையெங்கும் தூவும். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊருக்கடியில் 1844-இல் தோண்டத் தொடங்கிய பெரிய சுரங்கம் இருக்கிறது, இந்த நாட்டுச் சாலை உப்பில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது. உப்பு இல்லாவிட்டால் உயிர் போகும், உண்மை. ஆனால் அந்த உப்புநீர் சில்லின் மடிப்புகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பனி நின்றதும் நான் காரின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் கழுவுவேன். மேல்பக்கம் அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். பிளாஸ்டிக் ஜன்னல் குளிரில் விறைத்துக் கண்ணாடிக் காகிதம் போல ஆகிவிடும். அந்த நிலையில் கூரையை மடித்தால் நடுவில் பிளந்துவிடும். ஹீட்டரைப் போட்டு ஜன்னலைக் கையால் தொட்டு, இளகியதா என்று பார்த்து, ஜிப்பைப் பிரித்து, ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைத்து அதன்மேல் பழைய பருத்தித் துண்டு ஒன்றை விரித்த பிறகுதான் கூரை பின்னுக்குப் போகும். அந்தத் துண்டு ஊரிலிருந்து வந்த ஈரிழைத் துண்டு. இந்த வேலைக்கு அதைவிட மேலான துணியை நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஏன் திறக்க வேண்டும் என்று கேட்பார்கள். காற்றில்லாத, வெயில் அடிக்கிற, உறைநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே உள்ள காலையில், பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டு, குல்லாய் போட்டுக்கொண்டு ஏ34-ஐ விட்டு விலகிக் கிராமச் சாலையில் போய்ப் பாருங்கள். விறகுப் புகை, உழுத மண், குதிரை லாயம், ஈர வைக்கோல் என்று ஒவ்வொரு வாசனையும் தனித்தனியாக வந்து போகும். மூடிய காரில் இருபது வருடம் அதே சாலையில் போனாலும் இது கிடைக்காது. கோடையில் திறப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கோடையில் எல்லா இடத்திலும் ஒரே தார் வாசனை.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே பெரிதாக மாறியிருப்பது, இந்த மாதிரிக் காரை யார், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது. பெரியவர் காலத்தில் திறந்த கார் வைத்திருந்தவரில் பலருக்கு அதுதான் கார். இன்று பழைய கன்வெர்ட்டிபிளுக்குச் சலுகை இன்ஷூரன்ஸ் கேட்டால் பல இடங்களில், அன்றாடத்துக்கு வேறு கார் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கிறார்கள். வருடத்துக்கு இத்தனை மைல்தான், வேலைக்குப் போய்வரக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை. அக்டோபரில் உறை போட்டு மூடி ஏப்ரலில் எடுப்பவர்களுக்கான உலகம் அது. என்னைப் போன்றவர் சாதாரண பாலிசிதான் எடுக்க வேண்டும்.

லண்டன் விஷயம் இன்னும் விசித்திரம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் மிகக் குறைந்த மாசு மண்டலத்துக்குள் வந்துவிட்டன. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லையென்றால் ஒருநாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை லண்டனுக்குப் போய் அரிசியும் கறிவேப்பிலையும் வாங்கி, பத்துக் கிலோ மூட்டையைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவருவது எங்கள் வழக்கமாக இருந்தது. இப்போது அந்த மூட்டைக்கு ரயில் டிக்கெட். பெரியவரின் எம்ஜிஏ இன்றைக்கு இருந்திருந்தால் அதற்குக் கட்டணமே கிடையாது. நாற்பது வயது தாண்டினால் வரலாற்று வாகனம், விலக்கு உண்டு. என் காருக்கு நாற்பது ஆக 2036 வர வேண்டும். காற்றைச் சுத்தமாக வைக்கப் போட்ட விதியை நான் எதிர்க்கவில்லை, அங்கே குழந்தைகள் மூச்சு விடுகிறார்கள். ஆனால் காட்சிப் பொருளாக நிற்பதற்கு இடமும், தினம் உழைப்பதற்குத் தண்டமும் என்ற ஏற்பாடு மனசுக்கு ஒட்டவில்லை.

புதிய கார்களில் கூரை எவ்வளவோ முன்னேறிவிட்டது. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இலேயே பின்ஜன்னல் கண்ணாடியாகி, அதற்குள் சூடேற்றும் கம்பியும் வந்துவிட்டது. 2006-இல் கெட்டிக் கூரையே 12 வினாடியில் தானாக மடிந்தது. எம்ஜி என்ற பெயரில் இப்போது சைபர்ஸ்டர் என்றொரு மின்சாரத் திறந்த கார் சீனாவிலிருந்து வருகிறது. எடை ஏறத்தாழ 1,900 கிலோ, பெரியவரின் எம்ஜிஏ இரண்டுக்குச் சமம். பொத்தானைத் தொட்டால் கூரை போய்விடும். அப்படி இருந்தும் நல்ல வெயில் நாளில் சாலையில் எதிரே வரும் புதிய கன்வெர்ட்டிபிள்களைப் பார்க்கிறேன், பெரும்பாலும் கூரை மூடியே இருக்கிறது. உள்ளே ஏசி ஓடுகிறது, போனில் பேச்சு ஓடுகிறது. திறப்பது கஷ்டமாக இருந்த காலத்தில் திறந்தார்கள்.

போன மாதம் பெரியவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது தூறல். மூடட்டுமா என்று கொக்கியில் கை வைத்தேன். வேண்டாம், ஐம்பது மைலுக்குக் குறையாமல் ஓட்டு, தலைக்கு மேலேயே போய்விடும் என்றார். அவர் சொன்னது சரி. முன்கண்ணாடியைத் தாண்டி ஏறிய காற்று தூறலை அப்படியே எங்கள் மேலாகத் தூக்கிக்கொண்டு போனது. ஆபிங்டன் பாலத்துக்கு முன்னால் டிராஃபிக்கில் நின்றோம். அங்கேதான் நனைந்தோம், அவர் இடது முழங்காலைக் கையால் மூடிக்கொண்டார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, துண்டை எடுத்து இரண்டு சீட்டையும் துடைத்து, கூரையை மூடி, ஓக் மரத்துக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நிறுத்தினேன்.