ஏழெட்டு எவ்வளவு?

கர்நாடக எல்லையில் இருக்கும் எங்கள் கோபிநத்தத்தில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடத்தில் மக்கி ஒப்பிப்பார்கள். மக்கி என்றால் வாய்ப்பாடு. மாலையில் என் திண்ணைக்குப் படிக்க வருகிறவர்களில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். லீவு நாளில் ஒகேனக்கல் பக்கம் அம்மாவின் மீன் கடையில் ஒத்தாசையாக நிற்பான். நாற்பது ரூபாய்த் துண்டு மூன்று வாங்கி இருநூறை நீட்டினால், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே எண்பது மீதி கொடுப்பான். அதையே நோட்டில் 200 − (3 × 40) என்று எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடிப்பான்.

இவனைப் போன்றவர்களைக் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் ஆராய்ந்து 2025இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடையில் நிற்கும் பிள்ளைகள் சிக்கலான விலைக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். பள்ளிக் கணக்கில் திணறினார்கள். கடைப் பழக்கமில்லாத பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இதற்குப் பிறகும் ஒரு பிள்ளையை ‘மக்கு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிக்கல் எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அந்தப் பையன் 34 × 7 போடுகிறான். நாலேழு இருபத்தெட்டு சட்டென்று வந்தால் 8ஐ எழுதி 2ஐ மனதில் வைத்துக்கொள்ளலாம். அவனோ விரல்விட்டு எண்ணி 28க்கு வருவதற்குள் எந்த வரியில் நின்றோம் என்பதையே மறந்துவிடுகிறான். மனம் ஒரே நேரத்தில் சிலவற்றைத்தான் தாங்கும். ஏழெட்டு எவ்வளவு என்றால், ஏழாம் மக்கியை முதலிலிருந்து முணுமுணுத்துத்தான் எட்டுக்கு வருகிறான். ராகம் போட்டு ஒப்பிப்பது நல்லதுதான்; ஆனால் நடுவிலிருந்து கேட்டால் பதில் வர வேண்டும்.

வாய்ப்பாடு மலைபோல் தெரிவதும் ஒரு பயம். பத்துக்குப் பத்து, நூறு கட்டம். மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றுதான் என்று காட்டினால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் அநேகமாக எல்லோருக்கும் வரும். அவற்றை எடுத்தால் 21. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒரு மடங்கைக் கழித்தால் போதும். மிச்சம் 15தான். இதைக் கட்டம் கட்டமாக அடித்துக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதினைந்தையும் புளியங்கொட்டையில் அடுக்கச் சொல்வேன். ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. ஐந்து வரிசையைக் கையால் மறைத்தால் முப்பத்தைந்து, வெளியே தெரிவது ஏழு, நாற்பத்திரண்டு. மறந்துபோனாலும் இப்படித் திரும்பக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிடும். பிறகு தினமும் பத்து நிமிடம் வாய்க்கேள்வி. நன்றாகத் தெரிந்தவை பல, அவற்றுக்கு நடுவே புதியது ஒன்று. தப்பினால் திட்டாமல் சரியான விடையை முழுதாகச் சொல்லி, இரண்டு கேள்வி தள்ளி மறுபடி அதையே கேட்பேன். கடிகாரம் வைத்துப் பந்தயம் விடுவதில்லை. பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

சிலருக்குப் பெருக்கலுக்கு முன்னால் கூட்டலே தடுக்கும். எட்டோடு ஐந்தைக் கூட்ட விரலைத் தேடுவார்கள். ஆறாம் வகுப்பாக இருந்தாலும் அவர்களுக்குக் கொட்டைகளைப் பத்தாக்குவதிலிருந்துதான் தொடங்குகிறேன்: ஐந்திலிருந்து இரண்டை நகர்த்தி எட்டைப் பத்தாக்கு, கையில் மிச்சம் மூன்று, ஆகப் பதின்மூன்று.