இரும்புக்கை மாயாவியும் லயத்து வாசகரும்

சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் வெளிவந்தது. அதன் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட அத்தொடரின் கதைகளை அண்மையில் மீண்டும் புரட்ட நேர்ந்தபோது, சிறுவயதில் நாம் கவனியாது விட்ட விடயங்கள் பல கண்ணிற் பட்டன.

மாயாவியின் பிறப்பிடம் பிரித்தானியா. 1962இல் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில், விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பட்ட லூயிஸ் கிராண்டல், கடும் மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அக்கையைத் தவிர முற்றாக மறைந்துவிடுவான். நமது நினைவில் அவன் நீதியின் காவலன். மூலத் தொடரின் தொடக்கத்திலோ அவன் குற்றவாளி. உளவுப் பணிக்கு வருவதெல்லாம் பின்னர்தான். பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் இருக்கும் அச்சம் இன்றும் குறையவில்லை. கதைப்பின்னலைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. வாரந்தோறும் சில பக்கங்களாக வந்தவற்றை ஒன்றாகத் தொகுத்ததால், ஓரிரு பக்கங்களுக்கு ஓர் ஆபத்து வந்து போவது சலிப்பையே தருகின்றது.

ஆயினும் மலையகத்தில் இக்கதைக்கு வேறொரு பொருள் இருந்தது. 1970களின் முற்பகுதியில் இந்திய வெளியீடுகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977இன் பின்னர் அது தளர்ந்ததும், ஹட்டன், நுவரெலியா கடைகளிலிருந்து தோட்டங்களுக்குப் போன ஒரு பிரதி லயம் லயமாகக் கைமாறிற்று. மின்கம்பியைத் தொட்டு மறையும் வீரனை மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தவர்கள் நாம். ஹட்டனுக்கு அப்பால் லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. காசல்ரி நீர்த்தேக்கத்துக்காகத் தேயிலை நிலங்கள் நீரில் மூழ்கின. அங்கு பிறந்த மின்சாரம் மலையிறங்கிக் கொழும்புக்குச் சென்றது; பக்கத்து லயங்கள் பலவற்றுக்கு அது வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. மாயாவிக்கு வேண்டிய மின்சாரம் நம் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது.

லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளரை இன்று படிக்கும்போது உறுத்தல் இன்னும் அதிகம். கானகத்தில் மண்டையோட்டு ஆசனத்தில் அமர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பழங்குடிகளுக்கு நியாயம் வழங்கும் வெள்ளையர் அவர். குடிகள் கைகட்டி நிற்பர். அவர் மரணமற்றவர் என்று நம்புவர். பெரட்டுக் களத்தில் துரையின் முன் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றியிராது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத் துரைமார் கப்பலேறிய பின்னரும் 'துரை' என்ற சொல் போகவில்லை என்பதையும் இங்கு நினைவுகூரலாம். நியாயமாகச் சொல்வதானால், ஃபாக் தமது கதைகளில் லமண்டா லுவாகா என்ற கறுப்பினத் தலைவரைத் தேர்தலில் வென்ற சனாதிபதியாகப் பின்னர் கொண்டுவந்தார். அதற்காக ஆசனம் காலியாகிவிடவில்லை.

இக்குறைகளைக் காட்டி இவற்றை ஒதுக்கிவிட வேண்டுமென நாம் கூறவரவில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே தமிழில் வேகமாக வாசிக்கும் பழக்கத்தை நம்மில் பலருக்கு ஏற்படுத்தியவை இவையே. மாயாவி கதைகளைச் சிவகாசி பலமுறை மறுபதிப்புச் செய்துவிட்டது. 2021இல் பிரித்தானியாவிலும் நூலாக வந்தது. ஆகவே கதைகள் அழியப்போவதில்லை.

அழிந்துகொண்டிருப்பவை நமது மலைகளில் கைமாறிய பிரதிகள். நம்மிடமுள்ள ஓர் இதழின் உள்ளட்டையில் நான்கு பெயர்கள், நான்கு கையெழுத்துகளில், தோட்டமும் டிவிசனும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன; ஒன்றின் கீழ் 'கிழிக்காமல் திருப்பித் தரவும்' என்ற வேண்டுகோளும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று எந்தப் பாடசாலைப் பதிவேட்டிலும் கிடைப்பது அரிது. வீடு மாறும்போது பழைய தகரப் பெட்டியைத் திறக்கும் வாசகர்கள், அட்டை இல்லாத பிரதியாயினும் அடுப்புக்குப் போடுமுன் முதற் பக்கத்தை ஒருமுறை பார்ப்பார்களாக.