பந்தைத் தொடாத ஆட்டக்காரர்: ஜோ ஆல்ட் வளர்ந்த கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரரைப் பத்திப் பேசப்போறேன். காலேஜ்ல மூணு வருஷம் ஆடினார். 33 மேட்ச்ல முதல் பந்துலேர்ந்தே களத்துல இருந்தார். ஆனா பந்தை எறியறது, பிடிக்கிறது, தூக்கிட்டு ஓடறது எதுவுமே அவரோட வேலை கிடையாது. அப்படிப்பட்ட ஒருத்தரை 2024 ஏப்ரல்ல நடந்த என்எஃப்எல் டிராஃப்ட்ல, மொத்த நாட்டுலயும் அஞ்சாவது ஆளா லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணி எடுத்துக்கிச்சு.

அவர் பேர் ஜோ ஆல்ட். படிச்சது இண்டியானா மாநிலத்துல இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகம். ஆடின இடம் லெஃப்ட் டேக்கிள்.

டச்டவுன் போடுறவங்களைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. எனக்கு ஆர்வம் இந்த மாதிரி ஆட்கள் மேலதான். ஸ்கோர்போர்டுல பேரே வராத ஒரு வேலையில ஒரு பையன் எப்படித் தேறி வர்றான்? அவன் தேறிட்டான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க?

அஞ்சு பேர், ஒரு சுவர்

முதல்ல ஆட்டத்தோட அமைப்பைச் சொல்லிடறேன். பந்து வெச்சிருக்கிற அணியில மொத்தம் 11 பேர். அதுல அஞ்சு பேர் முன்வரிசையில தோளோட தோள் சேர்ந்து நிப்பாங்க. நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ரெண்டு ஓரத்துலயும் டேக்கிள். இந்த அஞ்சு பேருக்குத்தான் அஃபென்சிவ் லைன்னு பேர்.

இவங்களுக்குப் பின்னாடி குவார்ட்டர்பேக் நிப்பார். பந்தை யாருக்கு எறியலாம்னு பார்த்து முடிவெடுக்க அவருக்குக் கிடைக்கிறது ரெண்டரை, மூணு செகண்ட்தான். அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது இந்த அஞ்சு பேரோட வேலை.

வலது கைக்காரர் பந்தை எறியத் திரும்பும்போது அவரோட இடது பக்க முதுகு திறந்துகிடக்கும். அந்தப் பக்கத்துலேர்ந்து யார் ஓடி வந்தாலும் அவருக்குத் தெரியாது. 2009-ல வந்த ‘தி பிளைண்ட் சைட்’ படத்தோட தலைப்பே அந்தப் பக்கத்தைத்தான் சொல்லுது. அங்க காவலுக்கு நிக்கிறவர் லெஃப்ட் டேக்கிள். எதிரணியில வேகமா ஓடி வந்து மோதுற ஆளை அவர் பெரும்பாலும் தனியாத்தான் சமாளிக்கணும். 60 தடவை சரியா தடுத்துட்டு 61-வது தடவை கால் தவறினா, குவார்ட்டர்பேக்கோட தோளோ முட்டியோ போயிடலாம். அந்த ஒரு தடவைதான் டிவியில ரீப்ளேல ஓடும்.

தானா வளர்ற உடம்பு இல்ல

ஜோ ஆல்ட் மினசோட்டா மாநிலத்துக்காரர். ஸ்கூல்ல அவர் ஆடினது டைட் எண்ட். கொஞ்சம் தடுக்கணும், கொஞ்சம் ஓடிப்போய் பந்தும் பிடிக்கணும், அப்படி ஒரு இரட்டை வேலை. ஸ்கூல் பசங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு போடுற ஆட்கள் அவருக்குக் கொடுத்தது மூணு நட்சத்திரம்தான். அஞ்சு நட்சத்திரம் வாங்கின பசங்க வேற இருந்தாங்க.

அப்பா ஜான் ஆல்ட்டும் டேக்கிள்தான். 1984 டிராஃப்ட்ல முதல் ரவுண்டுலயே தேர்வாகி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ்ல 13 சீசன் ஆடினவர். அதனால ‘ரத்தத்துலயே இருக்கு’ன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க. உயரம் ரத்தத்துல வரலாம். மத்தது வராது.

டைட் எண்டா இருந்த பையன் டேக்கிளா மாறணும்னா முதல்ல எடை ஏறணும். சும்மா குண்டானா போதாது. கால் வேகம் குறையக் கூடாது, இடுப்பு வளையணும், 40-வது நிமிஷத்துலயும் மூச்சு இருக்கணும். அதனாலதான் காலேஜ் அணிகள்ல உணவு நிபுணர், வெயிட் ட்ரெய்னிங் கோச்னு தனித்தனி ஆட்கள் இருக்காங்க. பசிச்சாலும் பசிக்கலைன்னாலும் மணிக்கணக்கு வெச்சு சாப்பிடணும். லைன்மேனுக்குச் சாப்பாடும் பயிற்சியில ஒரு பகுதி.

2024-ல டிராஃப்டுக்கு முந்தின தேர்வு முகாம்ல ஜோ ஆல்ட்டை அளந்தப்போ உயரம் ஆறே முக்கால் அடியை நெருங்கியிருந்தது. எடை 321 பவுண்டு, அதாவது சுமார் 146 கிலோ. அந்த உடம்போட 40 கஜ தூரத்தை 5.05 செகண்ட்ல ஓடினார். டைட் எண்டோட காலை விட்டுடாமலே அவர் டேக்கிளோட உடம்பைச் சேர்த்துக்கிட்டார்னு அந்த ஒரு நம்பரே சொல்லிடும்.

பின்னாடி நடந்துக்கிட்டே சண்டை போடுறது

உடம்புக்கு அப்புறம் வர்றது நுணுக்கம். டேக்கிள் செய்யிற வேலை ரொம்ப விசித்திரமானது. எதிராளி நேரா முன்னாடி ஓடி வருவார். இவர் பின்னாடியும் பக்கவாட்டுலயும் சறுக்கிக்கிட்டே அவரைத் தடுக்கணும். இதை கிக் ஸ்லைடுன்னு சொல்வாங்க. வெளிக்கால் பின்னாடி போகும், உள்கால் அதே அளவுக்கு ஒட்டி வரும். ரெண்டு காலும் ஒண்ணையொண்ணு தாண்டவே கூடாது. தாண்டின கணத்துல எதிராளி ஒரு தள்ளு தள்ளினா, 146 கிலோ ஆளும் சாய்ஞ்சுடுவார்.

அடுத்தது கை. எதிராளியோட நெஞ்சுக்கு நேரா, உள்பக்கமா கை போகணும். சீக்கிரம் நீட்டினா அவர் தட்டிவிட்டுப் போயிடுவார். லேட்டா நீட்டினா நெஞ்சுல மோதிடுவார். கை வெளியில போய் ஜெர்சியைப் பிடிச்சு இழுத்தா ஹோல்டிங்னு கொடி வீசி, 10 கஜம் பின்னாடி அனுப்பிடுவாங்க.

உயரமா இருக்கிறவங்களுக்கு இன்னொரு பிரச்னை இருக்கு. இந்த மோதல்ல யார் தாழ்வா இருக்காங்களோ அவங்க கைதான் ஓங்கும். கிட்டத்தட்ட ஏழடி ஆள், தன்னைவிட அரை அடி குள்ளமானவரைவிடத் தாழ்வா உக்காந்து நகரணும். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, அதே நிலையில ஒரு மேட்ச்ல 60, 70 தடவை. இதுக்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. ஆளில்லாத மைதானத்துல தினமும் அதே அடியைத் திரும்பத் திரும்ப வெச்சுப் பழகணும்.

அதனாலதான் புதுசா வர்ற லைன்மேனை முதல் வருஷம் பெரும்பாலும் உக்கார வெச்சுடுவாங்க. அதுக்கு ரெட்ஷர்ட்னு பேர். 2018-லேர்ந்து ஒரு சீசன்ல நாலு மேட்ச் வரைக்கும் ஆடினாலும் அந்த வருஷம் கணக்குல கழியாது. ஜோ ஆல்ட்டும் உக்கார வேண்டியவர்தான்.

நாலாவது ஆள்

2021 செப்டம்பர்ல சீசன் தொடங்கினப்போ நோட்டர் டேமோட லெஃப்ட் டேக்கிள் பிளேக் ஃபிஷர். அவரும் முதல் வருஷப் பையன்தான், ஆனா ஊரே எதிர்பார்த்த ஆள். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிரான முதல் மேட்ச்லயே முட்டியில அடி பட்டுச்சு. அவர் இடத்துக்கு வந்தவங்களும் அடுத்தடுத்து காயம்பட்டாங்க. அஞ்சு மேட்ச் முடியறதுக்குள்ள அந்த இடமே காலியாயிடுச்சு.

ஆறாவது மேட்ச் அக்டோபர் 9. வர்ஜீனியா டெக் அணியோட சொந்த மைதானம், ராத்திரி ஆட்டம், 65,000 பேர் கொள்ளுற இடம். அந்த அணி உள்ள நுழையும்போது மெட்டாலிகா பாட்டைப் போட்டு மொத்தக் கூட்டமும் குதிக்கும். அந்தச் சத்தத்துல குவார்ட்டர்பேக் கத்துறது பக்கத்துல நிக்கிறவருக்கே கேக்காது. ஓரத்துல நிக்கிற டேக்கிள் கண்ணை ஓட்டி, பந்து நகர்றதைப் பார்த்துத்தான் அசையணும். எதிராளியும் அதே பந்தைத்தான் பாக்கிறார். அரை செகண்ட் பிந்தினா முடிஞ்சது.

18 வயசு ஜோ ஆல்ட் முதல் தடவையா ஆரம்ப ஐவர்ல இறங்கினது அங்கதான். நோட்டர் டேம் 32-29-னு ஜெயிச்சுது. அன்னைலேர்ந்து அந்த சீசன்ல மீதியிருந்த எட்டு மேட்ச்லயும் அவர்தான் லெஃப்ட் டேக்கிள்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. காயம் ஆறி ஃபிஷர் ஃபியஸ்டா பவுல் மேட்சுக்குத் திரும்பி வந்தார். அவரை ரைட் டேக்கிளா இறக்கினாங்க. இடது பக்கம் ஆல்ட்கிட்டயே இருந்துச்சு. மேடையில பாராட்டு, கோப்பை எதுவும் இல்ல. ஒரு லைன்மேன் தேறிட்டார்ங்கிறதை இப்படித்தான் சத்தமில்லாம சொல்வாங்க.

மூணு வருஷம், மூணு கோச்

அந்தக் கதவைத் திறந்துவிட்டது அதிர்ஷ்டம்தான். ஆனா உள்ள போனவர் வெளியில வராம நின்னாரே, அதுக்கு வேற காரணம் இருக்கு.

2021 நவம்பர் கடைசியில தலைமை கோச் பிரையன் கெல்லி எல்எஸ்யூவுக்குப் போயிட்டார். மார்கஸ் ஃப்ரீமன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். லைன் கோச்சும் வருஷத்துக்கு ஒருத்தர்: 2021-ல ஜெஃப் குயின், 2022-ல ஹாரி ஹீஸ்டண்ட், 2023-ல ஜோ ருடால்ஃப். ஒவ்வொருத்தருக்கும் கை வைக்கிற விதம், கால் எடுக்கிற அளவு, கூப்பிடுற வார்த்தை எல்லாமே கொஞ்சம் மாறும்.

இதுல ஹீஸ்டண்ட் தனி ரகம். அதே காலேஜ்ல 2012-லேர்ந்து 2017 வரைக்கும் இருந்தவர். ரானி ஸ்டான்லி, மைக் மெக்ளின்சி, குவென்டன் நெல்சன் எல்லாரும் அவர்கிட்ட வளர்ந்து டிராஃப்ட்ல முதல் பத்துக்குள்ள போனவங்க. 2017-ல நாட்டுலயே சிறந்த அஃபென்சிவ் லைனுக்குக் கொடுக்கிற ஜோ மூர் விருதை அவரோட வரிசைதான் வாங்கிச்சு. அந்த விருது தனி ஆளுக்குக் கிடையாது, மொத்த வரிசைக்கும் சேர்த்துத்தான்.

2022 சீசன் மோசமா தொடங்கிச்சு. முதல் ரெண்டு மேட்சும் தோல்வி, அதுல ஒண்ணு மார்ஷல்கிட்ட சொந்த மைதானத்துலயே. அப்புறம் வரிசை கூடி வந்துச்சு, 9-4-னு முடிச்சாங்க. அந்த வருஷக் கடைசியில ஆல்ட் ஆல்-அமெரிக்கன்.

இங்கதான் பக்கத்துல நின்ன ஆளையும் கவனிக்கணும். 2022-ல ஆல்ட்டுக்குப் பக்கத்துல கார்டா ஆடினவர் ஜேரட் பேட்டர்சன், அனுபவசாலி, அணியோட கேப்டன். எதிராளிங்க இடம் மாத்தி உள்ள புகுந்தா யார் யாரைப் பிடிக்கணும்னு இந்த ரெண்டு பேரும் ஒரு நொடிக்குள்ள பேசாமலே முடிவெடுக்கணும். 2023-ல பேட்டர்சன் போயிட்டார். அந்த இடத்துக்கு பாட் கூகன் வந்தார், ஆரம்ப ஐவர்ல அவருக்கு அதுதான் முதல் வருஷம். இப்போ ஆல்ட் கேப்டன்கள்ல ஒருத்தர். ஒரு வருஷம் முன்னாடி பக்கத்து ஆளைப் பார்த்துக் கத்துக்கிட்டவர், இப்போ பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துல நின்னார்.

டைட் எண்டா வந்த பையன் முழு லைன்மேனா ஆனது அந்த இடத்துலதான்னு நான் நினைக்கிறேன். தன் வேலை பழகிப்போய், பக்கத்து ஆளோட வேலையையும் பாக்கிற அளவுக்குக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கணும். 2023-ல அத்தனை தேர்வுக் குழுவும் ஒருமனதா அவரை ஆல்-அமெரிக்கன்னு அறிவிச்சாங்க.

யாருக்கு இவ்வளவு பொறுமை?

ஆல்ட் காலேஜுக்குள்ள வந்த 2021-லதான் ரெண்டு பெரிய மாற்றமும் வந்துச்சு. ஒரு வருஷம் சும்மா உக்காராமலே வேற காலேஜுக்கு மாறிக்கலாம்னு விதி தளர்ந்துச்சு. ஜூலை 1-லேர்ந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னும் ஆச்சு.

பசங்க கைக்குப் பணம் வர்றது நியாயம்தான். அவங்க உடம்பை வெச்சு மத்தவங்க பல வருஷமா சம்பாதிச்சாங்க. ஆனா லைன்மேன் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. அவன் தேற ரெண்டு, மூணு வருஷம் ஆகும். ஒரு வருஷம் உக்கார வெச்சா பையன் கிளம்பிடறான். தயாரான ஆள் வேற காலேஜ்லேர்ந்து கிடைக்கும்போது, சொந்தப் பையனை வளர்க்க கோச்சுக்கும் பொறுமை இல்ல. நடுவுல மாட்டிக்கிறது, நல்ல கால் இருந்தும் இன்னும் எடை ஏறாத அந்த மூணு நட்சத்திரப் பையன்.

ஆல்ட் கதையோட கடைசிப் பகுதியும் கேளுங்க. சார்ஜர்ஸ்ல லெஃப்ட் டேக்கிளா ரஷான் ஸ்லேட்டர் ஏற்கெனவே இருந்தார். அதனால மூணு வருஷம் இடது பக்கமே பழகின கால்களை வெச்சு 2024-ல ஆல்ட் வலது பக்கம் ஆட வேண்டியிருந்தது. எந்தக் கால் முன்னாடி, எந்தக் கை முதல்ல, எல்லாமே கண்ணாடியில பாக்கிற மாதிரி தலைகீழ். மறுபடியும் அதே பாடம், அதே ஆளில்லாத மைதானம்.

அடுத்த தடவை அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பாத்தா, ஒரு பத்து நிமிஷம் மட்டும் பந்தை விட்டுடுங்க. முன்வரிசையில உங்களுக்கு இடது ஓரமோ வலது ஓரமோ நிக்கிற ஆளோட காலைப் பாருங்க. பந்து எங்க போச்சுன்னு கமென்டேட்டரே சொல்லிடுவார், கவலைப்படாதீங்க.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.